கிளிக்குப் பத்தாத கூண்டு

விசில் சத்தம் கேட்டதும் வெல்டர் கையிலிருந்த டீயை மடியில் கொட்டிக்கொண்டான். முந்தின டீயும் அப்படித்தான் போயிருந்தது.

"கிளியா இது? மைதானத்துல நிக்கவேண்டிய ஆளு!" என்று எழுந்து லுங்கியை உதறினான்.

கூண்டுக்குள்ளிருந்த கிளி தலையைச் சாய்த்து அவனைப் பார்த்தது. இன்னொரு விசில் அடித்தது. அதற்கப்புறம் தொண்டை கிழிய ஒரு கத்தல். இரும்பு அறுக்கும் மிஷின் பக்கத்திலேயே பாதி ஆயுசைக் கழித்தவன் அவன். அதற்கெல்லாம் காதில் பஞ்சு வைத்ததில்லை. இந்தப் பச்சைப் பிராணிக்கு வைத்தான்.

கிளி, அவன் மனைவி வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சருடையது. விசில் அடிக்கப் பழகியது அங்கேதான். டீச்சர் குடிபோன புது வீட்டில் பறவை வளர்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். சாமான் லாரி கிளம்பும் நேரத்தில், விரலில் கட்டுப் போட்டிருந்த கையால் கூண்டைத் தூக்கி இவளிடம் கொடுத்துவிட்டு, டீச்சர் சொன்னது கொஞ்சம்தான்.

"கூண்டு சின்னதும்மா, பத்தாது. உன் வீட்டுக்காரர் வெல்டர்தானே, பெருசா ஒண்ணு செஞ்சுக்கச் சொல்லு. ஞாயித்துக்கிழமை வந்து பாக்கறேன். கிளிக்கு அங்க ஒத்துவரலைன்னா மறைக்காம சொல்லிடு. பறவைப் பண்ணைக்காரர் ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்கார்."

லாரி போய்விட்டது. கிளி அன்றைக்கு ஆரம்பித்த கத்தலை இன்னும் நிறுத்தவில்லை.

"பண்ணைக்காரனுக்கே குடுத்துடலாமே?" என்று வெல்டர் மெதுவாகக் கேட்டுப் பார்த்தான்.

மனைவி துணி மடிப்பதை நிறுத்தினாள். "இந்த வீட்ல நான் பேசினா திரும்பிப் பாக்கற ஒரே உசுரு அதுதான்."

"நான் பாக்கலையா?"

"போன வாரம் தலைவலின்னு சொன்னேன். 'சரி, போட்டுக்குடு'ன்னீங்க. நான் டீ போடவான்னு கேட்டேனாக்கும்!"

வெல்டருக்கு மிஷின் சத்தத்தில் காது பாதி போனது உண்மைதான். ஆனால் அதைக் கிளியோடு ஒப்பிட்டுச் சொன்னது சுருக்கென்று குத்தியது. அந்த நிமிஷமே முடிவு செய்தான். கிளி இங்கேதான் இருக்கும். ராஜா மாதிரி இருக்கும். ஊரில் பாதி வீட்டுக்கு ஜன்னல் கம்பியும் கேட்டும் அடித்தவனுக்கு ஒரு கிளிக்கூண்டு எம்மாத்திரம்?

பழைய கூண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தொழில்காரன் கண் சும்மா இருக்காது.

"வேலை ஒண்ணும் மோசமில்லை. ஆனா கம்பியெல்லாம் கடிச்ச தடம் பாரு. அதுவும் வெளிப்பக்கமா."

"வெளிப்பக்கமா எது கடிக்கும்?"

"எலி."

"எலி இரும்பைக் கடிக்குமா?"

"பழக்கப்பட்ட எலியா இருக்கும். அதை விடு. தீனிக்கிண்ணம் இல்ல, தண்ணிக்கிண்ணம் இல்ல. அடியில மட்டும் வெல்வெட் துணி. அதுல ஒரு சொட்டு எச்சம் இல்ல. டீச்சர் ரொம்ப சுத்தக்காரங்கதான்."

அடுத்த நாள் பட்டறையில் மிச்சம் கிடந்த சதுரக் குழாய்களைப் போட்டு, பீரோ உயரத்துக்கு ஒரு கூண்டை அடித்தான். ஓரமெல்லாம் தேய்த்து வழவழப்பாக்கி, ரெட் ஆக்சைடு பெயின்ட் பூசினான். பட்டறை பெயின்டர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான்.

"கிளிக்கா, இல்ல மாமியார் யாராச்சும் வர்றாங்களா?"

"வேலையைப் பாருடா."

வீட்டு வாசலின் அளவை வெல்டர் கவனமாக எடுத்திருந்தான். மாடிப்படி திரும்பும் இடத்தை எடுக்கவில்லை. கூண்டு பாதிப் படி ஏறி அங்கே செருகிக்கொண்டது. மேலே இருந்தவர்கள் கீழே வர முடியவில்லை. கீழே இருந்தவர்கள் மேலே போக முடியவில்லை. கடைசியில் படியிலேயே உட்கார்ந்து கூண்டை நாலாக அறுத்துத் தூக்கிப்போனான்.

கூடத்தில் வைத்து மறுபடி பற்றவைக்க மிஷினை மாட்டினான். முதல் பொறி பறந்ததும் கட்டடம் முழுக்கக் கரண்ட் போயிற்று.

கீழ் வீட்டு டிரைவர் மேலே வந்தார். ராத்திரி வண்டி ஓட்டிவிட்டுப் பகலில் தூங்குகிறவர். உடம்பில் வேர்வை, கண்ணில் கொலைவெறி.

"அண்ணே, ஃபேன் நின்னுபோச்சு."

"ரெண்டு நிமிஷம்ப்பா. கிளிக்கு வீடு கட்டறேன்."

"எனக்கும் ஒண்ணு சேத்துக் கட்டுங்க. இங்க தூங்க வழியில்ல."

டிரைவர் கீழே போய் ஃபியூஸைப் போட்டார். வெல்டர் மிஷினின் கரண்டைக் குறைத்துப் பற்றவைத்தான். ஃபியூஸ் தப்பியது, திரைச்சீலை தப்பவில்லை. பெரிய ஓட்டையாக எரிந்து போனது. மனைவி அந்த ஓட்டை வழியாக அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூண்டு நின்றது. கிளியை உள்ளே விடப் போகும் நேரத்தில், தீனி வாங்கப் போன மனைவி மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"ஏங்க, விடாதீங்க! பெயின்ட் அடிச்ச கம்பியைக் கொத்தினா கிளி செத்துடும்னு கடைக்காரர் சொல்றார்!"

பூசின அவ்வளவையும் சுரண்டித் தேய்த்தான். செம்பழுப்புத் தூசி கொடியில் காய்ந்த துணியில் படிந்தது. மறுநாள் அவள் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போன வெள்ளைத் துப்பட்டா வெள்ளையாக இல்லை.

உட்காரக் குச்சி வேண்டும் என்று ஒரு மரக்கிளையை வெட்டி வந்தான். கிளையோடு எறும்பும் வந்தது. கிளி கிளையைத் தொடவில்லை. எறும்பு சர்க்கரை டப்பாவைத் தொட்டது, பருப்பைத் தொட்டது, படுக்கை வரைக்கும் வந்து அவனையும் தொட்டது.

இத்தனைக்கும் பிறகு கிளி புதுக் கூண்டில் ஏறியது. சுற்றிப் பார்த்தது. முன்னைவிட ஓங்கி விசில் அடித்தது. பிறகு அலகால் தாழ்ப்பாளை நெம்பித் தள்ளிவிட்டு, வாடகை பிடிக்காத குடித்தனக்காரன் மாதிரி வெளியே நடந்து வந்தது.

வெல்டர் தாழ்ப்பாளை மாற்றினான். கிளி திறந்தது. கொக்கி வைத்தான். திறந்தது. கம்பியை முறுக்கிக் கட்டினான். அதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

வெளியே வந்த ஒவ்வொரு தடவையும் ஒன்றை முடித்துவிட்டுத்தான் ஓய்ந்தது. டிவி ரிமோட்டின் பொத்தான்களைப் பல் பிடுங்குவது போலப் பிடுங்கியது. சார்ஜர் ஒயரைத் துண்டு துண்டாக்கியது. மனைவியின் மூக்குக்கண்ணாடியில் ஒரு காலைத் தின்றது. இதில் ஒரு விஷயம், வெளியே இருந்த நேரத்தில் கிளி ஒருமுறைகூடக் கத்தவில்லை. கத்தியதெல்லாம் இவர்கள் இரண்டு பேர்தான்.

"இடம் பத்தலை, அதான்" என்றான் வெல்டர்.

"இன்னுமா? ஒத்தக் காலுக் கண்ணாடியோட நான் பள்ளிக்கூடம் போறேன்."

"டீச்சரே சொன்னாங்கல்ல, பெருசா செய்யுங்கன்னு. கிளிக்கு வெளிச்சம் வேணும், காத்து வேணும். பால்கனியவே கூண்டாக்கிடறேன்."

"துணி எங்க காயப்போடறது?"

"உனக்குக் கிளி வேணுமா, துணி வேணுமா?"

அவள் துணிக்கொடியை ஒரு தடவை பார்த்தாள். "கிளி" என்றாள். அந்த ஒரு சொல்லுக்காக மலையைப் பிளக்கவும் வெல்டர் தயாராக இருந்தான்.

சனிக்கிழமை முழுக்க வேலை நடந்தது. டிரைவர் காலையிலேயே தலையணையை எடுத்துக்கொண்டு வண்டியில் படுக்கப் போய்விட்டார். பால்கனியின் வெளிப்பக்கம் தரையிலிருந்து கூரைவரை கம்பி. கம்பிக்கு நடுவே விரல் நுழையாத வலை. கூடத்துப் பக்கம் பழைய மரக்கதவைக் கழற்றிவிட்டு, அதே மாதிரி கம்பியும் வலையுமாக ஒரு இரும்புக் கதவு. தாழ்ப்பாளில்தான் தன் வித்தை முழுவதையும் காட்டினான். கதவைச் சாத்தினால் தானே விழும். கூடத்துப் பக்கமிருந்து தூக்கினால்தான் திறக்கும். உள்ளேயிருந்து அலகு எட்டாதபடி தாழ்ப்பாளை மூடி ஒரு தகடு.

"இதை நீ திறந்துட்டா, நான் தொழிலை விட்டுடறேன்" என்று கிளியிடமே சொன்னான்.

உள்ளே எறும்பில்லாத கிளை, ஊஞ்சல், வெயில் படாத மூலையில் ஒரு தட்டி, தீனிக்கு ஒன்றும் தண்ணீருக்கு ஒன்றுமாகக் கிண்ணங்கள். பார்த்தால் மனுஷனுக்கே குடியேறத் தோன்றும்.

ஞாயிற்றுக்கிழமை டீச்சரை அழைத்து வர மனைவி பஸ் நிறுத்தத்துக்குக் கிளம்பினாள். கிளி அப்போது டிவி மேல் உட்கார்ந்திருந்தது. பீரோ உயரக் கூண்டின் தாழ்ப்பாளைப் பழக்கப்படி திறந்துகொண்டு வந்ததுதான்.

"நான் டீச்சரோட வர்றப்ப அது உள்ள இருக்கணும். சந்தோஷமா இருக்கணும்."

"இருக்கும், நீ போ."

"அது மட்டும் போயிடுச்சுன்னா..." கிளி பறந்துவிடக் கூடாதென்று வாசல் கதவை வெளியே பூட்டிச் சாவியோடு போனாள்.

வெல்டர் கிளியைக் கெஞ்சினான். மிரட்டினான். துண்டை வீசினான். துண்டில் ஓட்டை விழுந்தது. கடைசியில் ஒரு கொய்யாப்பழத்தை எடுத்துக்கொண்டு பால்கனிக் கூண்டுக்குள் அவனே போனான். கிளைக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தான்.

"பாரு, எவ்வளவு காத்து! எவ்வளவு வெளிச்சம்! நான் சாப்பிடறேன் பாரு" என்று பழத்தை ஒரு கடி கடித்து, கண்ணை மூடித் தலையை ஆட்டினான்.

கிளிக்கு ஆர்வம் வந்துவிட்டது. டிவியிலிருந்து இறங்கிக் கூடத்தைக் கடந்து ஆடி ஆடி நடந்து வந்தது. வாசல்படியில் நின்று அவனைப் பார்த்தது. பிறகு கதவின் வெளிப்பக்கத்தில் அலகும் காலுமாகப் பற்றி ஏறியது. எண்ணெய் போட்ட கீல். அதன் பாரத்துக்கே கதவு மெல்லத் திரும்பியது.

டக்.

வெல்டர் எழுந்து கதவைத் தள்ளினான். தோளால் இடித்தான். காலால் உதைத்தான். கதவு அசையவில்லை. அந்த நிலைமையிலும் அவனுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

"டேய், நீ எத்தனை தாழ்ப்பாளைத் தொறந்திருக்க! இதை ஒண்ணு தொறந்துவிடுடா ராசா" என்றான் கிளியிடம்.

கிளி கதவிலிருந்து இறங்கிப் போய்விட்டது.

தெருவிலிருந்து டிரைவரின் குரல் கேட்டது. வண்டியில் தூங்கி எழுந்து, அண்ணாந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, குடிபோயாச்சா?"

"கதவு சாத்திக்கிச்சுப்பா! கொஞ்சம் மேல வந்து..."

"வாசக் கதவு?"

"பூட்டிருக்கு. சாவி அவகிட்ட."

டிரைவர் தாடையைச் சொறிந்துகொண்டு யோசித்தார். "அப்ப அந்தக் கொய்யாவச் சாப்பிட்டு முடிங்க. சத்தம் போடாதீங்க, நான் என் படுக்கையில போய்த் தூங்கறேன்."

வெல்டர் ஊஞ்சலுக்குக் கீழே உட்கார்ந்தான். கிளி கூடத்தில் அவனுடைய செருப்பு வாரை நிதானமாகக் கடித்து எடுத்தது. பிறகு மேஜையில் ஏறி இறகைக் கோதியது. கத்தல் இல்லை, விசில் இல்லை. காதுப் பஞ்சால்தான் கேட்கவில்லையோ என்று அதை எடுத்துப் பார்த்தான். அப்போதும் வீடு அமைதியாகவே இருந்தது. அத்தனை நாளில் இப்போதுதான் கொய்யாப்பழத்தை முழுசாக, நிம்மதியாகச் சாப்பிட்டு முடித்தான்.

பூட்டு திறக்கும் சத்தம் கேட்டது. முன்னால் மனைவி, பின்னால் டீச்சர். மனைவி கூடத்தைப் பார்த்தாள். மேஜையில் கிளி. கூண்டில் புருஷன். அவள் முகம் விழுந்துவிட்டது.

வெல்டர் கதவில் கையை ஊன்றிக்கொண்டு எழுந்தான். "டீச்சர், இன்னும் ஒரு நாள் குடுங்க. கூண்டு கிளிக்குக் கொஞ்சம் பழகணும், அவ்வளவுதான். அதைக் கொண்டுபோயிடாதீங்க. நாங்க ரெண்டு பேரும் பேசிக்கறதே இப்ப அதாலதான்."

மனைவி சட்டென்று அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

டீச்சர் சிரிக்கவில்லை. பொத்தான் போன ரிமோட்டைப் பார்த்தார், வார் அறுந்த செருப்பைப் பார்த்தார், மேஜையில் சாந்தமாக இறகு கோதும் கிளியைப் பார்த்தார். பால்கனிக்கு வந்து கதவை நல்ல சாமான் வாங்குகிறவர் போலத் தட்டிப் பார்த்தார். தாழ்ப்பாளைத் தூக்கினார்.

வெல்டர் வெளியே வரக் காலை எடுத்து வைத்தான்.

டீச்சர் தன் கண்ணாடியைக் கழற்றினார். கைக்கடிகாரத்தையும் கழற்றினார். போனையும் கைப்பையையும் சேர்த்து எல்லாவற்றையும் வெல்டரின் கையில் கொடுத்தார். கதவை மறுபடி சாத்தினார்.

டக்.

"கிளி இங்கேயே இருக்கட்டும்மா. நல்லா கவனிச்சிருக்கீங்க" என்றார்.

"டீச்சர், அவர் உள்ள..." என்றாள் மனைவி.

"இருக்கட்டும், பத்திரமா இருப்பார். சாமானை லாரியில ஏத்தின அன்னைக்குத் தவிர இந்தக் கிளி ஒரு நாளும் கூண்டுக்குள்ள இருந்ததில்லைம்மா. அது கண்ணுல பட்டதையெல்லாம் கடிக்குதேன்னு என் கண்ணாடியையும் போனையும்தான் நான் கூண்டுல வெச்சுப் பூட்டுவேன், உன் வீட்டுக்காரர் ஆளே உள்ள உக்கார்ற அளவுக்குச் செஞ்சுட்டாரே!"