வாய் திறக்காமல் இரண்டு மணி நேரம்

மதிப்புக்கும், அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பயத்துக்கும் உரிய மாமா அவர்களுக்கு,

அக்கா மகள் எழுதுவது. இங்கே வீட்டில் எல்லாரும் நலம். நான் மட்டும் அப்படிச் சொல்லிக்கொள்ளும் நிலையில் இல்லை. அங்கே தலைநகரில் தாங்கள் நலமா என்பதை, இந்தக் கடிதத்தை நீங்கள் படித்து முடித்த பிறகு விசாரித்துக்கொள்கிறேன். போனில் அனுப்பினால் படிக்காமலேயே "அருமை" என்று பதில் போட்டுவிடுவீர்கள், அதனால்தான் காகிதம். தயவுசெய்து உட்கார்ந்து படிக்கவும். பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும்.

இந்த விடுமுறையில் நான் வீட்டில் இருந்தால் வீடு மிஞ்சாது என்று அம்மா என்னை உங்கள் தொகுதி அலுவலகத்துக்குத் தட்டச்சு செய்ய அனுப்பியது உங்களுக்குத் தெரியும். மாதாமாதம் வீடு வீடாகப் போகும் உங்கள் 'தொகுதி மடல்' எப்படித் தயாராகிறது என்று உங்களுக்குத் தெரியுமா என்பதுதான் தெரியவில்லை. உங்கள் உதவியாளரை ஊரே 'நகல் அண்ணன்' என்று கூப்பிடுவது சும்மா இல்லை மாமா. போன மாத மடலைத் திறப்பார், தேதியை மாற்றுவார், மத்திய அரசு அறிவிப்புகளை அப்படியே எடுத்து ஒட்டுவார், ஒவ்வொன்றின் தலையிலும் 'மகிழ்ச்சிச் செய்தி' என்று தொப்பி மாட்டுவார், உங்களுக்கு அனுப்புவார், நீங்கள் "அருமை" என்பீர்கள், முப்பத்தெட்டாயிரம் வீட்டுக்குப் போய்விடும். "இதையெல்லாம் யாருண்ணா படிக்கிறாங்க?" என்று கேட்டேன். "யார் படிக்கலைன்னாலும் உங்க மாமா ஒரு எழுத்து விடாம படிப்பாரும்மா" என்றார், கண்ணைக்கூடச் சிமிட்டாமல். எனக்குக் கை அரித்தது. என்ன செய்ய, பிறவிக் கோளாறு.

மூன்றாம் பக்கத்தில், மரக்கன்று நடும் விழாவுக்கும் கண் சிகிச்சை முகாமுக்கும் நடுவில், இரண்டே வரி சேர்த்தேன்: 'வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நூலகக் கூடத்தில் நம் உறுப்பினர் இரண்டு மணி நேரம் வாயே திறக்காமல், மக்கள் சொல்வதை மட்டும் கேட்பார்.' பதினாறு பக்க மடல். நான்கு நிமிடத்தில் உங்கள் பதில் வந்தது: "அருமை. அச்சுக்கு அனுப்பவும்." நான் சிரித்த சிரிப்பில் விக்கல் வந்துவிட்டது. நகல் அண்ணனிடம் வியாழக்கிழமைதான் காட்டினேன். "அடிப்பாவி! போஸ்ட் ஆயிடுச்சே!" என்று நாற்காலியிலேயே சரிந்துவிட்டார். "பதறாதீங்கண்ணா, இதை யார் படிச்சிருக்கப் போறா, ஒரு ஈ காக்கா வராது" என்று நான்தான் தைரியம் சொன்னேன்.

மாமா, வந்தார்கள். ஒருவேளை வழிதவறி யாராவது வந்தால் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிடலாம் என்று நாங்கள் இருவரும் ஒன்பதேகாலுக்குக் கூடத்தைத் திறக்கப் போனால், கூட்டம் படிக்கட்டில் தொடங்கி, மருந்துக்கடையைச் சுற்றி, பேருந்து நிறுத்தம் வரைக்கும் நிற்கிறது. அறுபது நாற்காலி, நானூறு பேர். ஒருத்தர் கையில் மடலைச் சுருட்டி வைத்திருந்தார், இன்னொருத்தர் பேசவேண்டியதை ஓரத்திலேயே எழுதிக்கொண்டு வந்திருந்தார், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் பதினோரு வருஷ மடல்களையும் ஃபைல் போட்டு, சிவப்பு மையில் திருத்தி, மார்க்கும் போட்டுக் கொண்டுவந்திருந்தார். படித்திருக்கிறார்கள் மாமா! எல்லாரும்! உங்களைத் தவிர எல்லாரும் படித்திருக்கிறார்கள்!

"எம்.பி. எங்கம்மா?" என்று வாத்தியார் கேட்டார். தலைநகரில் இருக்கிறார் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் நகல் அண்ணனை முழுசாக வீட்டுக்கு அனுப்பியிருப்பார்களா தெரியாது. எனக்குச் சட்டென்று தோன்றியது இதுதான்: போன தேர்தலில் செய்த உங்கள் ஆளுயர அட்டைப் படம் நூலகத்தின் பின்னறையில் இருந்தது. தூசி தட்டிக் கொண்டுவந்து மேஜைக்குப் பின்னால் நிறுத்தி, "வாயைத் திறக்க மாட்டார்னுதானே போட்டிருக்கு? இவர் திறக்கவே மாட்டார்" என்று அறிவித்தேன். அடிக்க வருவார்கள் என்று கதவுப் பக்கமாகவே நின்றேன். அப்புறம் முன்வரிசையில் ஒரு தையல்கடைக்காரர் எழுந்து, "பரவாயில்லை, நேர்ல இருந்தாலும் இவ்வளவு பொறுமையா நின்னிருக்க மாட்டாரு" என்று சொல்லிப் பேச ஆரம்பித்தார். வரிசை பிடித்துவிட்டது!

வாத்தியார் உங்கள் அட்டை முகத்துக்கு நேராக நின்று, ஒரே குழியில் ஏழு வருஷமாக மரக்கன்று நட்டிருக்கிறீர்கள் என்று ஏழு புகைப்படத்தையும் வரிசையாக விரித்துக் காட்டினார். "கன்னு வளரலை சார். உங்க தொப்பை மட்டும் வருஷா வருஷம் தழைச்சிருக்கு" என்றார். பார்வை மங்கிய பெரியவர் ஒருவர் உங்களிடம் கால்மணி நேரம் பேசிவிட்டு, "ரொம்ப இளைச்சுட்டீங்க தம்பி, உடம்பைப் பார்த்துக்கோங்க" என்று தட்டிக்கொடுத்ததில் நீங்கள் பின்பக்கமாக விழுந்தீர்கள். நகல் அண்ணன் தூக்கி நிறுத்தினார். அதுவரைக்கும் எனக்குச் சிரிப்புத்தான்.

அப்புறம் லாண்டரி அக்கா வந்தார். பக்கத்து நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் பிரிவில் வேலை. மடலின் இரண்டாம் பக்கத்தைப் பிரித்தார்: 'மகிழ்ச்சிச் செய்தி! தலைநகர் விரைவு ரயிலின் பயண நேரம் பன்னிரண்டு நிமிடம் குறைகிறது.' "பன்னெண்டு நிமிஷம் எங்கேருந்து குறையுதுன்னு வாத்தியார் கணக்குப் போட்டுச் சொன்னாருங்க. மூணு ஸ்டேஷன்ல நிக்காதாம். அதுல நம்ம ஸ்டேஷன் ஒண்ணு. ஒண்ணாம் தேதியிலேருந்து. காலையில பத்து மணி ஷிப்டுக்கு அந்த ஒரு வண்டிதான் இருக்கு. வண்டி நிக்கலைன்னா என் வேலை நிக்காதுங்களே" என்றார். சொல்லிவிட்டுப் போகவில்லை மாமா. அட்டை என்று நன்றாகத் தெரிந்தும், உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு பதிலுக்காக நின்றார். அந்த 'மகிழ்ச்சிச் செய்தி'யைத் தட்டச்சு செய்தது நான். இதே விரல்கள். எனக்கு ஒன்றும் உறைக்காமலேயே செய்தேன்.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். "அடுத்த சனிக்கிழமை மாமாவே நேர்ல வருவாரு. அதுக்குள்ள மந்திரிகிட்டயும் பேசிடுவாரு" என்றேன். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. வீட்டுக்கு வந்ததும் அம்மா, "உன் வாய்க்குப் பூட்டுப் போட ஊர்ல இரும்பே இல்லடி" என்று தொடங்கி ஒரு மணி நேரம் பேசினாள். கடைசியில், "ஆனா அவன் வந்துதான் ஆகணும். வரலைன்னா நான் அக்கா இல்லைன்னு சொல்லிடு" என்று முடித்தாள்.

ஆகவே மாமா, என்னைத் திட்டுங்கள், அலுவலகத்திலிருந்து துரத்துங்கள், ஆனால் மந்திரியைப் பார்த்து அந்த நிறுத்தத்தைக் காப்பாற்றிவிட்டு வாருங்கள். சனிக்கிழமை காலை அதே விரைவு வண்டியில் வந்தால் ஒன்பதேகாலுக்கு நம் நிலையத்தில் இறங்கிவிடலாம். நாற்காலி போட்டாயிற்று. நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம். இனி உங்கள் மடலில் ஒரு கமாவைக்கூடத் தொடமாட்டேன், இது சத்தியம்.

அத்தைக்கு என் அன்பு, குட்டிப் பயலுக்கு என் சார்பில் தலையில் ஒரு செல்லக் குட்டு. உங்கள் ரத்த அழுத்தம் இறங்கவும் நீங்கள் இங்கே வந்து இறங்கவும் வேண்டிக்கொள்ளும்,

அக்கா மகள்

பி.கு.: உறையை ஒட்டும்போது மந்திரி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. இந்தப் பன்னிரண்டு நிமிடத் திட்டத்தைப் பாராட்டி நீங்கள் போன வாரம் அனுப்பிய கடிதத்தால் அவர் மனம் குளிர்ந்து, ஒன்றாம் தேதி வரை காத்திருக்காமல் இந்த வெள்ளிக்கிழமையே அமல்படுத்திவிடுகிறாராம். (அந்தப் பாராட்டுக் கடிதத்தை நகல் அண்ணன் எழுதினார், நீங்கள் "அருமை" என்றீர்கள்.) ஆகவே சனிக்கிழமை உங்கள் வண்டி நம் ஊரில் நிற்காது. மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். கூட்டத்தை நடைமேடைக்கு மாற்றிவிட்டோம். வண்டி எங்களைக் கடக்கப் பதினொரு நொடி ஆகும் என்று வாத்தியார் கணக்குப் போட்டிருக்கிறார். இறங்கித்தான் ஆகவேண்டும் என்று தோன்றினால் தலைக்கு மேலே சங்கிலி இருக்கிறது. இத்தனை வருஷம் இழுத்தடித்ததற்கு இதையும் ஒருதடவை இழுத்துப் பாருங்கள். எந்தப் பெட்டி என்று மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள் மாமா, லாண்டரி அக்கா அதற்கு நேராக நிற்கிறாராம்.