அக்கிரமம் அண்ணனின் மைக் டெஸ்டிங்

உலகத்தில் எந்த மூலையில் எது நடந்தாலும் அதற்காக முதலில் நெஞ்சில் கை வைக்கும் மனிதர் எங்கள் ஊர் மைக் செட்காரர்தான். பாரசீக வளைகுடாவில் ஒரு மன்னர் தும்மினால் ராசிபுரம் ரோட்டில் இவர் தோளிலிருந்து துண்டு நழுவும். டெல்லியில் ஒரு மந்திரி கட்சி மாறினால் இவர் ஆம்ப்ளிஃபையர் பெட்டி மேல் தொப்பென்று உட்காருவார். உட்கார்ந்தபடி ஒரே ஒரு வார்த்தை சொல்வார்: "அக்கிரமம்ங்க!"

அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. அப்பா அம்மா வைத்த பெயர் என்னவென்று எனக்குக் கடைசிவரை தெரியாது. கல்யாண வீட்டில், "அக்கிரமத்துக்குச் சொல்லியாச்சா?" என்பார்கள். "சொல்லியாச்சு, சாயங்காலம் அக்கிரமம் வந்துடும்" என்று பெண்ணின் தகப்பனாரே நிம்மதியாகப் பதில் சொல்வார். வெளியூர்ச் சம்பந்திகள் முகம் வெளுத்துப் போவதை நானே பார்த்திருக்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் குமாஸ்தா. எதிர்ப்புறம் அவர் கடை. அவருக்கென்று பேப்பர் கிடையாது; எங்கள் ஆபீஸ் பேப்பர்தான். அதையும் நின்றுகொண்டுதான் படிப்பார். "உக்காந்து படிச்சா அதிர்ச்சி பாதிதானுங்க ஏறும்" என்பது அவர் சித்தாந்தம். அவர் மனைவி தெருவில் எட்டிப் பார்த்து, "ஏனுங்க தம்பி, பேப்பர் வந்துடுச்சுங்களா? அப்ப நான் மோரு கரைக்கறேன்" என்று உள்ளே போவார். முதல் பக்கம் முடியும்போது மோர்ச் சொம்பு வந்து சேரும்.

பழைய வழக்கத்தில் ஊறிய மனிதர். புதிதாக எது வந்தாலும் சந்தேகம்தான். நைலான் சேலை, பெல்பாட்டம், இளவட்டங்களின் தோள் தொடும் கிராப்பு எல்லாமே அவருக்கு நாட்டின் வீழ்ச்சி. ஆனால் அவரை வெறும் புலம்பல் பேர்வழி என்று ஒதுக்க முடியாது. காரணம், அவரிடம் மைக் இருந்தது.

கூட்டம் எந்தக் கட்சிக்காக இருந்தாலும் சரி, தலைவர் வருவதற்கு முன் மைக்கைச் சோதித்தாக வேண்டும். மற்ற ஊர் மைக் செட்காரர்கள் "ஹலோ, ஒன், டூ, த்ரீ" என்பார்கள். இவர் உலகச் செய்தி சொல்வார்.

"ஹலோ, மைக் டெஸ்டிங். நெலாவுக்குப் போயி கல்லுப் பொறுக்கிட்டு வந்திருக்கானுங்க. ஏனுங்க, கல்லுதான் வேணும்னா எங்க ராசிபுரம் ரோட்டுக்கு வந்திருக்கக் கூடாதுங்களா? அக்கிரமம்!"

கூட்டம் குலுங்கும். பெட்ரோல் விலை ஏறியபோது, "எங்க பாட்டன் மாட்டு வண்டியில போனாரு. புல்லுக்கு வெலை ஏத்தற மன்னரு எவனாச்சும் உண்டுங்களா?" என்றார். சாராயக் கடையைத் திறந்த அரசாங்கமே பிறகு மூடியபோது, "தொறந்ததும் அவுங்க, பூட்டினதும் அவுங்க. நடுவுல உருண்டவனை யாருங்க ஊடு சேக்கறது?" என்றார். எம்.எல்.ஏ.க்கள் கட்சி மாறிய காலத்தில், "காலையில ஒரு துண்டு, சாயங்காலம் ஒரு துண்டு. என்ற ஊட்டுக்காரிகூட இத்தனை துணி காயப்போடறதில்லீங்க" என்றார்.

தலைவர் மேடையேறும்போது கைதட்டல் எப்போதும் சற்றுக் குறைவாகத்தான் இருக்கும். கேட்க வந்ததைத்தான் கேட்டாகிவிட்டதே. இரு கட்சிக்காரர்களும் தனித்தனியே வந்து, எதிர்க்கட்சியைப் பற்றி நாலு வார்த்தை கூடுதலாகச் சொல்லும்படி கெஞ்சியிருக்கிறார்கள். "சொல்லி வெச்சு அதிர்ச்சியாக முடியாதுங்க. அது தானா வரோணும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

இந்த நிலையில்தான் நாட்டில் நெருக்கடி நிலை வந்தது. ஊரே திகைத்து நின்றபோது, வாழ்க்கையில் முதல் முறையாக இவர் அதிர்ச்சி அடையவில்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "பேஷ்! இப்பத்தான் நாட்டுக்கு ஒரு ஒழுங்கு வந்திருக்குது" என்றார். கரைத்த மோர் அப்படியே இருந்தது. பயந்துபோன மனைவி, "அவுரு ஒடம்புக்கு என்னமோ ஆயிடுச்சுங்க" என்று வைத்தியரைக் கூட்டி வந்துவிட்டார்.

ரயில்கள் நேரத்துக்கு வருகின்றன என்று செய்தி வந்தது. அதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று பஸ் ஏறிச் சேலம் ஜங்ஷன் போனார். மறுநாள் தூசியும் வியர்வையுமாக வந்து நின்றார்.

"என்னண்ணா ஆச்சு?"

"ரயிலு நேரத்துக்கு வந்துதுங்க தம்பி. கண்ணு குளிரப் பாத்துட்டே நின்னேன். அந்த நேரத்துல நம்மூரு கடைசி பஸ்ஸும் நேரத்துக்குப் போயிடுச்சு! என்னைக்குங்க அந்த பஸ்ஸு நேரத்துக்குப் போயிருக்குது? அக்கிரமம்!"

அங்கே தொடங்கிய விரிசல் மெல்லப் பெரிதானது. ஒரு நாள் பேப்பரில் ஒரு பத்தி முழுக்க எழுத்தே இல்லாமல் வெள்ளையாக இருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தார். அச்சாபீசில் மை தீர்ந்துவிட்டதா என்று கேட்டார். தணிக்கை என்றால் என்னவென்று தாழ்ந்த குரலில் விளக்கினேன். அந்த வெள்ளை இடத்தில் விரலை வைத்தபடி சொன்னார்:

"பெரியவங்க பேசறப்ப குறுக்க பேசக்கூடாதுங்க, அது நாயம். ஊருல ஒருத்தருமே பேசக்கூடாதுன்னா, அப்புறம் பெரியவங்க பேசறதுதான் யாருக்குங்க?"

அடுத்த ஆண்டு ஆடியில் மாரியம்மன் நோம்பித் திருவிழா. ஊரே திரண்டிருந்தது. இவர் மைக்கை எடுத்தார்.

"ஹலோ, மைக் டெஸ்டிங். நாட்டுல எல்லாம் ஒழுங்கா நடக்குதுங்க. ரயிலு நேரத்துக்கு வருது, ஆபீசரும் நேரத்துக்கு வாராரு. பேச்சு மட்டுந்தான் நின்னுபோச்சு. கலியாணத்துக்குப் போனா மாப்பிள்ளைகூட வாயத் தொறக்க மாட்டேங்கறாருங்க. சரி, பின்னாடி எப்படியும் பழகித்தானே ஆகோணும்னு உட்டுட்டேன்!"

பெண்கள் பக்கம் கிளம்பிய சிரிப்பு ஆண்கள் பக்கம் பரவி, பூசாரி கற்பூரத் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். ஒழுங்கு வந்த பிறகு எங்கள் ஊர் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

மறுநாள் காலை போலீஸ்காரர்கள் வந்து ஆம்ப்ளிஃபையரையும் மைக்கையும் கூம்பு ஒலிபெருக்கியையும் அள்ளிக்கொண்டு போனார்கள். இவர் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். வெளுத்த வேட்டி கட்டி, திருநீறு பூசி, பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி பின்னாலேயே போனார். துணைக்கு நான்.

சப் இன்ஸ்பெக்டர் ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். விறைப்பானவர். "நேத்து மைக்குல என்ன பேசினே? அப்படியே திருப்பிச் சொல்லு, எழுதணும்" என்றார்.

அக்கிரமம் அண்ணன் வாயைத் திறந்தார். ஏதோ காற்று மாதிரி வந்தது.

"சத்தமா சொல்லுய்யா!"

"மன்னிக்கோணுங்க. மைக் இல்லாம எனக்குக் கொரலு வராதுங்க."

அது பொய்யில்லை. அவருக்கு இயல்பாகவே பூனைக் குரல். கடையில் அவர் பேசுவதைக் கேட்க நாங்கள் கிட்டே போய்க் குனிவோம். சப் இன்ஸ்பெக்டர் பல முறை "சத்தமா, சத்தமா" என்று அதட்டிப் பார்த்ததில் அவர் தொண்டைதான் கட்டியது. கடைசியில் பொறுமையிழந்து, "அந்த மைக்கை மாட்டிக் கொடுத்துத் தொலைங்கய்யா" என்றார். ஒரு கான்ஸ்டபிள் ஒயரை மாட்டினார். கூம்பு, கடைவீதியைப் பார்த்த ஜன்னலில் கிடந்ததை யாரும் கவனிக்கவில்லை.

"ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று இவர் தொடங்கினார். ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். மாப்பிள்ளை இடம் வந்ததும் வெளியே கடைவீதி முழுக்கச் சிரிப்பு வெடித்தது. கான்ஸ்டபிள்கள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். மீசையைக் கடித்துப் பார்த்த சப் இன்ஸ்பெக்டரும் தாங்க முடியாமல் மேஜையைத் தட்டிச் சிரித்துவிட்டு, கண்ணைத் துடைத்தபடி சொன்னார்:

"யோவ், நான் சிரிச்சது மேல தெரிஞ்சா என் வேலை போயிடும்யா!"

அதுவும் கடைவீதிக்குத் தெளிவாகக் கேட்டது.

சப் இன்ஸ்பெக்டர் மெல்ல ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். வெளியே, தக்காளி நிறுத்துக்கொண்டிருந்தவர் தராசைப் பிடித்தபடி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்.

வழக்குப் போட்டால் தான் பேசியதையும் எழுத வேண்டிவரும் என்பதால் வழக்கு இல்லை. ஆனால் மைக் செட் திரும்பி வரவில்லை. மேலிருந்து உத்தரவு வரும்வரை மைக்கைத் தொடக்கூடாது, பொது இடத்தில் எதுவும் பேசக்கூடாது என்று வாக்குறுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். இவர் வாக்குத் தவறாதவர். அதுதான் வினையாயிற்று.

ஆவணி முகூர்த்தங்கள் சத்தமில்லாமல் போயின. அண்ணனின் மனைவி வெண்ணந்தூர்த் தறிக்காரர்களுக்கு நூல் சுற்றிக் கொடுத்தார். மார்கழி விடியலில் கோயில் பாட்டு இல்லாமல் ஊர் தாமதமாக எழுந்தது. இவர் மட்டும் தவறாமல் எங்கள் ஆபீசுக்கு வந்து பேப்பர் படித்தார். ஆனால் உட்கார்ந்து படித்தார். துண்டு தோளிலேயே இருந்தது.

"என்னண்ணா, இன்னைக்கு ஒண்ணுமில்லையா?"

"இல்லீங்க தம்பி. எல்லாம் நல்லாத்தான் இருக்குதுன்னு போட்டிருக்குது."

பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் போய்விட்டார். என் பிழைப்பில் நான் எத்தனையோ அதிர்ச்சிகளைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பதில் மாதிரி ஒன்றும் என்னை உலுக்கியதில்லை.

தையில் தேர்தல் அறிவிப்பு வந்தது; கெடுபிடியும் தளர்ந்தது. ஒரு சாயங்காலம் அதே சப் இன்ஸ்பெக்டர், மஃப்டியில், மாட்டு வண்டியில் ஜமுக்காளம் போர்த்தி மைக் செட்டைக் கொண்டுவந்து கடை முன் இறக்கினார். "எல்லாம் சரியா இருக்கான்னு பார்த்துக்கய்யா" என்றவர், போகாமல் அங்கேயே நின்றார்.

இவர் ஒயரை மாட்டி, மைக்கைத் தட்டி, "ஹலோ" என்றார். அவ்வளவுதான். சந்தைத் தெருவிலிருந்தும் கோயில் தெருவிலிருந்தும் சனம் ஓடி வந்தது. பாதிச் சவரத்தோடு ஒருவர் வந்தார். சாணிக் கையோடு பெண்கள் வந்தார்கள். எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள். துண்டால் கண்ணை ஒற்றிக்கொண்டார்.

"ஏனுங்க, உங்களுக்கெல்லாம் ஊட்டுல வேலவெட்டி இல்லீங்களா? அக்கிரமம்!"

அந்த ஆரவாரத்தில் சப் இன்ஸ்பெக்டர்தான் முதலில் கைதட்டினார்.

அந்தத் தேர்தலில் யார் ஜெயித்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஜெயித்தவர்களும் ஒழுங்காக நாற்காலியில் உட்காராமல் தங்களுக்குள் அடித்துக்கொள்ள, இவருக்கு மறுபடியும் தினம் ஒரு சொம்பு மோர் தேவைப்பட்டது.

ஸ்கைலாப் விழுந்த வருஷம் நடந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். அமெரிக்காக்காரன் வானத்தில் மிதக்கவிட்ட ஆய்வுக்கூடம் கட்டுத் தெறித்துப் பூமியில் விழப்போகிறது, எங்கே என்று யாருக்கும் தெரியாது என்று ரேடியோ சொன்னது. ஊரில் ஆடு கோழி ஒன்று மிச்சமில்லை. சாகப்போகிறோம், தின்றுவிட்டாவது சாவோம் என்று எல்லார் வீட்டிலும் விருந்து. என் மனைவிக்கு அப்போது நிறைமாதம். என்னையோ முதலாளி சரக்கு விஷயமாக மேட்டூருக்கு அனுப்பியிருந்தார். விழும் என்று சொன்ன நாளில் டிரைவர்கள் பஸ்ஸை எடுக்க மறுத்துவிட்டார்கள். மேட்டூரில் மாட்டிக்கொண்டு, அணையையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்துத் தவித்தேன்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஓடி வந்தேன். மனைவி சிரித்துக்கொண்டிருந்தாள். முந்தைய நாள் மத்தியானமே அக்கிரமம் அண்ணன் தன் மனைவியை எங்கள் வீட்டுக்குள் துணைக்கு அனுப்பிவிட்டு, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாராம். மைக் இல்லாமல் அந்தப் பூனைக் குரலிலேயே, கதவு வழியாக, அவள் ஒருத்திக்காக உலகச் செய்தி சொல்லிக்கொண்டிருந்தாராம்.

"அம்மிணி, பயப்படாதீங்க. அமெரிக்காக்காரன் குறி பாத்து எறிஞ்ச குண்டே குறியில உழுந்ததில்லீங்க. குறி பாக்காம உட்டதா நம்ம ஊட்டு மேல உழுகப்போகுது?"

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாளாம் அவள்.

நான் போனபோது அவர் நாற்காலியிலேயே தூங்கிக்கொண்டிருந்தார். தலையில் ஒரு பித்தளை அண்டாவைக் கவிழ்த்திருந்தார். கைகள் இரண்டும் அதன் விளிம்பை இறுகப் பிடித்திருந்தன. ஊரில் அவரளவுக்கு யாருமே பயந்திருக்க மாட்டார்கள்.

அது எங்கோ கடலிலும் ஆஸ்திரேலியாவிலும் விழுந்ததாகப் பிறகு ரேடியோவில் சொன்னார்கள். எங்கள் வீட்டு மேல் விழுந்திருந்தால், அவரைத் தாண்டித்தான் உள்ளே போயிருக்க முடியும். அப்படித்தான் இடம் பார்த்து நாற்காலியைப் போட்டிருந்தார்.