ஒரு நூல் மேலே

"நிறுத்து, நிறுத்து! கண்ணாடி, மறுபடியும் நீ ஒரு நூல் மேல போறே!"

பல் டாக்டர் கீபோர்டிலிருந்து கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். அவரிடம் வருகிற நோயாளிகள் வைத்துக்கொள்வார்களே, அச்சு அசலாக அதே மாதிரி.

கண்ணாடி என்று அவர் கூப்பிட்டது மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் நம் ஆளை. புதனும் சனியும் மத்தியானம் பல் ஆஸ்பத்திரிக்கு விடுமுறை. அந்த நேரத்தில் நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில் நர்ஸ் நாற்காலிகளை ஓரம் கட்டித் துடைத்து வைக்க, இவர்கள் கச்சேரி பழகுவார்கள். கீபோர்டு டாக்டர். பாட்டு டாக்டரின் மனைவி. கீபோர்டு எங்கே போனாலும் அந்த அம்மா பின்னாலேயே போய்விடுவார். டிரம்ஸ் ஒரு பஸ் டிரைவர். அவருக்குச் சுருதி எக்கேடு கெட்டாலும் கவலையில்லை. பேஸ் கிட்டார் கண்ணாடிக்காரர்.

இரண்டு வாரத்துக்கு முன்புவரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அப்போதுதான் அந்தப் புதுக் கிட்டார் வந்தது. பதினொரு மாதம் காத்திருந்து, ஸ்கூட்டரை விற்று, பெயர் பெற்ற ஒரு கைவினைஞரிடம் சொல்லிச் செய்து வாங்கியது.

சாதாரண பேஸ் கிட்டாரின் கழுத்தில் குறுக்கே கம்பிகள் பதித்திருக்கும். இரண்டு கம்பிக்கு நடுவே எங்கே விரல் வைத்தாலும் சுரம் தானாகச் சரியாக விழும். இதில் கம்பியே கிடையாது. வழுவழுவென்று கருங்காலி மரம் மட்டும்தான். தந்தியை அந்த மரத்தின்மேல் அழுத்தி மீட்டினால் ஒலி டங்கென்று விழாது. கொஞ்சம் தயங்கும், பிறகு 'ம்ம்ம்வா' என்று வாய் திறக்கும், அப்புறம் அடிவயிற்றில் வந்து உட்கார்ந்துகொள்ளும். விரலை லேசாக அசைத்தால் அதுவும் கூடவே அசையும். முதல் நாள் ஒரே ஒரு சுரத்தை வாசித்துவிட்டு அவர் கண் கலங்கிப்போனார்.

"என்னங்க, ஸ்கூட்டர நெனச்சு அழறீங்களா?" என்று கேட்டாள் மனைவி.

"போடி, உனக்கு என்ன தெரியும்!"

அப்பேர்ப்பட்ட கிட்டார்தான் இங்கே வந்தால் மானத்தை வாங்கியது.

"வீட்ல சுருதி பாக்கற டியூனர் வெச்சுப் பாத்தேன் டாக்டர். பச்சை லைட்டுதான் எரிஞ்சுது" என்றார் பாவமாக.

"டியூனர் கெடக்கட்டும். டிரில் சத்தத்தக் கேட்டே பல்லுல எத்தனை ஆழம் போயிருக்குன்னு சொல்றவன் நான். என் காது பொய் சொல்லுமா? இல்ல, கீபோர்டுதான் பொய் சொல்லுமா? கம்பி இல்லாத கிட்டாருக்கு விரல் சுத்தம் வேணும்ப்பா. அடுத்த ஞாயித்துக்கிழமை நிகழ்ச்சி. சனிக்கிழமைக்குள்ள சரியாகலேன்னா என் மச்சான் வாசிக்கட்டும். அவன்கிட்ட கம்பி வெச்சதே இருக்கு."

கண்ணாடிக்காரருக்குச் சுருக்கென்றது. அந்த மச்சானுக்குத் தாளத்துக்கும் தனக்கும் நடுவே எப்போதும் ஒரு தெரு இருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் வேலையில் இறங்கினார். கண்ணுக்கும் கண்ணுக்கும் உள்ள தூரத்தை அளக்கும் சின்ன ஸ்கேலை எடுத்து, டியூனரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்தச் சுரத்துக்கு எங்கே விரல் என்று கருங்காலிமேல் வெள்ளைப் பென்சிலால் மயிரிழையாகக் கோடு போட்டார். இருபத்து நாலு கோடு. அரை மில்லிமீட்டர் பிசகவில்லை.

புதன்கிழமை கோட்டின்மேலேயே விரலை வைத்து வாசித்தார்.

"ஒரு நூல் மேல" என்றார் டாக்டர்.

சரி, கோட்டுக்கு ஒரு நூல் கீழேயே வைத்துவிடுவோம் என்று மகளின் நட்சத்திர ஸ்டிக்கர்களை வாங்கி ஒவ்வொரு கோட்டுக்கும் சற்றுக் கீழே ஒட்டினார். அது இன்னும் வம்பாகப் போயிற்று. வீட்டில் டியூனர் சிவப்பாக எரிந்தது. தந்தி ஸ்டிக்கரில் உரசி ஈ மாதிரி ரீங்கரித்தது. வேர்வையில் பசை இளகி, நட்சத்திரங்கள் விரலோடு வந்தன. மறுநாள் கடையில் ஒரு பெரியவருக்குக் கண் பரிசோதிக்கும்போது, "தம்பி, எழுத்தெல்லாம் தெரியுது, உங்க மூக்குல ஒரு நட்சத்திரமும் தெரியுது. அதையும் படிக்கணுமா?" என்று அவர் கேட்டார்.

டியூனர்தான் கோளாறு என்று முடிவு கட்டி இன்னொன்று வாங்கினார். அதுவும் பழையதுக்கே ஒத்து ஊதியது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஸ்டிக்கர்களையெல்லாம் உரித்துப் போட்டுவிட்டுக் கூடத்தில் இடிந்துபோய் உட்கார்ந்தார்.

"இதுல கம்பி மட்டும் இருந்திருந்தா எனக்கு இந்தத் தலைவலியே இல்ல!" என்று வாய்விட்டே புலம்பினார்.

வாய் சும்மா இருந்திருக்கலாம். ஜன்னலோரம் மிக்ஸியைக் கழற்றிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த மாமியார் தலையை நிமிர்த்தினார்.

இந்த மாமியாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முப்பது வருஷம் லேத் பட்டறையில் மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டில் ஒரு பொருள் குறையோடு இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. குழாய் சொட்டக் கூடாது, கதவு கிறீச்சிடக் கூடாது. மாப்பிள்ளை புலம்பக் கூடாது என்பதும் அதில் சேர்த்திதான்.

சனிக்கிழமை மத்தியானம் கண்ணாடிக்காரர் கடையிலிருந்து அவசரமாக வந்து கிட்டார்ப் பெட்டியைத் திறந்தார். திறந்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கருங்காலியில் குறுக்கே இருபத்து நாலு பித்தளைக் கம்பிகள் பளபளத்தன.

"எப்படி இருக்கு மாப்ள?" மாமியார் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "கடைக்காரன் உங்கள நல்லா ஏமாத்தியிருக்கான். கம்பியே போடாம குடுத்திருக்கான். நீங்களும் வாய் தெறந்து கேக்காம, பென்சில்ல கோடு போட்டுக்கிட்டு உக்காந்திருக்கீங்க. அந்தக் கோட்டு மேலயே ரம்பம் போட்டு, கம்பியை எறக்கிட்டேன். வெரல்ல குத்தாம நுனியெல்லாம் அரம் போட்டாச்சு."

"அத்தை..."

"நன்றியெல்லாம் எதுக்கு மாப்ள? வீட்டுக்குள்ள."

அழுவதற்குக்கூட நேரம் இல்லை. மணி இரண்டரை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் பிடித்தார். போகிற வழியெல்லாம் ஒரே யோசனைதான்: டாக்டர் கண்ணில் இது பட்டால் என்ன சொல்வது?

கூடத்துக்குள் நுழைந்ததும், "வெளிச்சம் கண்ணு கூசுது" என்று சொல்லி, ஊசி போடும் இடத்தில் நிற்கும் பச்சைத் திரையை இழுத்து வைத்துக்கொண்டு அதன் பின்னால் நின்றார்.

"கண்ணாடிக் கடைக்காரனுக்கே கண்ணு கூசுதா?" என்றார் பஸ் டிரைவர்.

"பேசாம அடிய்யா நீ!"

பாட்டு ஆரம்பித்தது. டாக்டர் வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டார். திரைக்குப் பின்னாலிருந்து முதல் சுரம், இரண்டாவது சுரம். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. பாட்டு கடைசிவரைக்கும் போயிற்று. அவர் போட்ட கோடுகள் துல்லியம், மாமியாரின் ரம்பம் அதைவிடத் துல்லியம். கீபோர்டோடு கிட்டார் இழைந்துகொண்டது. ஆனால் அந்த 'ம்ம்ம்வா' மட்டும் இல்லை. விரலை இழுத்தால் ஒலி வழுக்கிப் போகாமல் படியேறுகிற மாதிரி தடக் தடக்கென்று போயிற்று. தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டே வாசித்தார்.

டாக்டர் கண் திறந்தபோது அவர் கண்ணிலும் நீர்.

"அடடா! கண்ணாடி, இதைத்தானய்யா நான் மூணு வாரமா கேட்டுக்கிட்டிருந்தேன்! என்ன குழைவு! கம்பி வெச்ச கிட்டார்ல ஜென்மத்துக்கும் இந்த சுகம் வருமா? நாளைக்கு நீதான் வாசிக்கறே. மச்சான் வீட்லயே இருக்கட்டும்!"

"ரொம்ப சந்தோஷம் டாக்டர்" என்றார் திரைக்குப் பின்னாலிருந்து, அழுகிற குரலில்.

டாக்டரும் மற்றவர்களும் கை கழுவ உள்ளே போனார்கள். கிட்டாரைப் பெட்டிக்குள் திணிக்கப் போகும்போது, டீத் தட்டோடு நர்ஸ் திரையை விலக்கினாள். பித்தளைக் கம்பிகளை ஒருமுறை பார்த்தாள், அவர் முகத்தை ஒருமுறை பார்த்தாள். சட்டென்று அவள் முகம் வெளிறியது.

"ஐயோ சார், அதுக்குள்ள கம்பியே போட்டுட்டீங்களா?"

"ஷ்ஷ்! டாக்டர்கிட்ட சொல்லிடாதே தாயே. என் விரல் சுத்தமில்ல, வேற என்ன பண்ணச் சொல்றே?"

நர்ஸ் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நானும் ஒண்ணு சொல்றேன், நீங்களும் டாக்டர்கிட்ட சொல்லிடாதீங்க சார், உங்க புது கிட்டார் வந்த அன்னைக்கு இந்த எடத்தத் தொடைக்கறப்ப அவரு கீபோர்டுக்குப் பின்னாடி இருந்த சுருதித் திருகு என் கை பட்டுத் திரும்பிடுச்சு, இன்னைக்குக் காலையிலதான் அதை வெள்ளைப் புள்ளிக்கு நேரா திருப்பி வெச்சேன், மூணு வாரமா ஒரு நூல் கீழ போனது டாக்டர்தான்."