வெயிலைச் சேமித்தவர்

சோலார் போட்டவர் என்று ஓர் இனம் புனேயில் புதிதாகப் பெருகிவருகிறது. முன்பெல்லாம் வீடு வாங்கியவர், பையனை அமெரிக்காவுக்கு அனுப்பியவர் ஆகிய இருவரிடம் மட்டும் ஜாக்கிரதையாக இருந்தால் போதும். இப்போது இவரும் சேர்ந்துகொண்டார். அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். என்ன வெயில் என்று நீங்கள் நெற்றியைத் துடைக்கும்போது யார் முகம் மலர்கிறதோ, அவர்தான்.

எனக்குத் தெரிந்த ஒருவர் இங்கே ஔந்து பகுதியில் ரோ ஹவுஸில் இருக்கிறார். பெயர் ஸ்ரீவத்சன், ஐ.டி. கம்பெனி மேனேஜர். அவர் வீட்டுக்குப் போனால் காபி வருவதற்குள் மொட்டை மாடிக்குப் போயிருப்பீர்கள். மூன்று கிலோவாட், மானியம் போகக் கையிலிருந்து ஒன்றேகால் லட்சம், மாதம் இரண்டாயிரத்து அறுநூறு மிச்சம், நாலே வருஷத்தில் போட்ட பணம் வந்துவிடும், அப்புறம் பேனல் ஆயுள் முடியும்வரை இருபத்தோரு வருஷம் எல்லாம் சும்மா என்று ஆரம்பித்து, செல்போனில் ஆப்பைத் திறந்து, காலை ஏழு மணியிலிருந்து கரண்ட் உற்பத்திக் கோடு ஏறியதையும் பதினொன்றே காலுக்கு ஒரு மேகம் வந்து அதைக் கெடுத்ததையும் காட்டி, நீங்கள் மாடிப்படியைப் பார்க்க ஆரம்பித்த பிறகும் விடமாட்டார். இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் கூட நடுவில் தண்ணீர் குடிப்பார்.

ஜூன் பிறந்தால் ஊரே மழை பார்க்க லோணாவளா பக்கம் வண்டியை விடும். இவர் சொல்லாமல் லீவு போட்டவரை மேனேஜர் தேடுகிற மாதிரி சூரியனைத் தேடுவார். பேனலில் புறா உட்கார்ந்தால் துண்டை வீசிக்கொண்டு மாடிக்கு ஓடுவார். எச்சம் தினம் கால் யூனிட்டைத் தின்றுவிடுமாம்.

இதற்கெல்லாம் அவர் மனைவி பானு சம்மதித்தது ஒரே வார்த்தையை நம்பித்தான். சோலார் வந்துவிட்டால் பகலெல்லாம் கவலையில்லாமல் ஏசி போட்டுக்கொள்ளலாம் என்று அவர் சொல்லியிருந்தார். பானு மாடி அறையிலிருந்து ஆன்லைனில் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுப்பவர். ஏப்ரலில் அந்த அறை அடுப்பு. ஏசி போட்டாரா? போட விட்டால்தானே? மீதமாகும் கரண்ட் மின்சார ஆபீசுக்குப் போய் நம் கணக்கில் யூனிட்டாகச் சேர்கிறது, பேங்கில் போட்ட மாதிரி, அதை யாராவது எடுத்துக் கரைப்பார்களா என்று விளக்கம் வந்தது. பானு ஃபேனை ஐந்தில் வைத்து, ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு வருஷம் பாடம் நடத்தினார். சேர்ந்த யூனிட் நானூற்றைத் தாண்டிய அன்று ஸ்ரீவத்சன் ஸ்வீட் வாங்கிவந்தார்.

அடுத்த ஏப்ரல் பில் வந்தது. சேர்ந்த யூனிட், பூஜ்யம். பதறிக்கொண்டு மின்சார ஆபீசுக்கு ஓடினார். வருஷக் கணக்கு மார்ச்சோடு முடிந்தது, மிஞ்சியதை நாங்கள் எடுத்துக்கொண்டு விலை போட்டுவிட்டோம், நீங்கள் கையெழுத்துப் போட்ட தாளிலேயே இருக்கிறது என்று அங்கிருந்தவர் மராத்தியில் நிதானமாகச் சொன்னார். என்ன விலை? அடிமாட்டு விலை. வருஷம் முழுக்க மனைவியை வேகவைத்துச் சேர்த்தது, இரண்டு பேர் ஹோட்டலில் ஒருவேளை சாப்பிடும் அளவுக்குத் தேறியது.

வீட்டுக்கு வந்து, கணக்கு கொஞ்சம் தப்பிவிட்டது, போட்ட பணம் வர ஐந்து வருஷம் ஆகலாம் என்று மெல்லச் சொன்னார். பானு லேப்டாப்பை மூடினார்.

“அஞ்சோ ஆறோ, அத நீங்க பாத்துக்கோங்கோ. நான் வெந்தது வெந்ததுதானே, அத எந்த ஆபீஸ்ல போய்க் கேக்கறது?”

சொல்லிவிட்டு ஏசி ரிமோட்டை எடுத்து இருபத்துநாலில் வைத்தார். ஸ்ரீவத்சன் செல்போனில் ஆப்பை மூடிப் பையில் போட்டுக்கொண்டார். எனக்கு அவர்மேல் பரிதாபம்கூட வந்தது. ஐந்து நிமிஷம் கழித்து, இருபத்தாறு போதாதா என்று கேட்டார். பரிதாபம் போய்விட்டது.

நம் மாடியில் பேனல் இல்லை என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. தாராளமாகச் சிரியுங்கள். பேனல் இல்லாத வீட்டிலும் இந்த இனம் நன்றாக வளரும். சந்தேகமிருந்தால் இன்றைக்கு ஒன்றே ஒன்று செய்யுங்கள்: உங்கள் வீட்டில் ஏசியோ கீசரோ, சுவிட்சில் கை வைப்பதற்கு முன் எல்லோரும் யார் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள்.