சேதுபதியின் கப்பல் பெட்டி

"காரணம் எழுதலையே!" என்று கடிதத்தைத் திருப்பிப் பார்த்தார் சேதுபதி. பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

"விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது" என்று சொல்ல அரசாங்கத்துக்கு இரண்டு வரி போதுமாக இருந்தது. மூன்றாவதாக ஒரு வரி எழுதினால் மை தீர்ந்துபோகும் போலிருக்கிறது.

"என்ன காரணம் அபாங், உங்க வாய்தான்," என்றாள் அவர் மனைவி சிவகாமி, மீனுக்கு மஞ்சள் தடவிக்கொண்டே.

சிவகாமி மலாக்காச் செட்டிக் குடும்பத்துப் பெண். தலைமுறை தலைமுறையாக மலாக்காவின் காஜா பெராங்கிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். கும்பிடுவது மாரியம்மனை, பேசுவது மலாய்; புருஷனைக் கூப்பிடுவதுகூட 'அபாங்', அதாவது அண்ணன், என்றுதான். அவள் மலாயில் திட்டுவாள், சேதுபதி தமிழில் திட்டுவார். ஒருவர் திட்டுவது இன்னொருவருக்கு முழுக்கப் புரிந்ததால் குடும்பம் நடந்தது. சுதந்திரம் வந்தபோது அவள் அடுப்படியை விட்டு நகராமலே இந்த நாட்டின் குடிமகள் ஆகிவிட்டாள். ராமநாதபுரத்திலிருந்து ஜப்பான்காரன் சண்டைக்கு முன்னால் கப்பலேறி வந்தவரான சேதுபதிதான் விண்ணப்பம் போட வேண்டியிருந்தது.

ஆசைக்காக அல்ல, வேலைக்காக. நகர சபையில் தண்ணீர்க் குழாய் பொருத்துகிற வேலை. இந்த வருஷக் கடைசிக்குள் குடியுரிமை காட்டாதவர்களை வீட்டுக்கு அனுப்பப்போவதாக மேலதிகாரி சொல்லியிருந்தார். வீடு என்றால் எந்த வீடு? இருப்பது சிவகாமியின் தம்பி ராமச்சந்திரனின் வீடு. வேலையும் போனால் சேதுபதி அந்த வீட்டில் யார்?

வீட்டோடு மாப்பிள்ளையின் சங்கடம் அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். சண்டை முற்றினால் சிவகாமி, "இது எங்க வீடு" என்பாள். சேதுபதிக்குத் திருப்பிச் சொல்ல ஒன்றே ஒன்றுதான் இருந்தது. "நான் கப்பலேறி ஊருக்கே போறேன்!" என்பார். சொல்வதோடு நிற்க மாட்டார். கட்டிலுக்கு அடியிலிருந்து தகரப் பெட்டியைத் தரதரவென்று இழுத்து வாசலுக்குக் கொண்டுவருவார். தெருமூலையில் பெச்சா என்கிற மூன்று சக்கர மிதிவண்டி ஓட்டும் அப்புவைக் கூப்பிட்டு, முன்னால் பெட்டியும் தானுமாக ஏறிக்கொள்வார். அப்பு அவரை பஸ் ஸ்டாண்டுவரை மிதித்துக்கொண்டு போவான். அங்கே ஹைனான் சீனன் கடையில் ஒரு கோப்பி குடித்துவிட்டு, சோற்று நேரத்துக்குப் பெட்டியோடு திரும்பி வருவார். சிவகாமி சோற்றை மூடி வைத்திருப்பாள். போனதைப் பற்றியோ வந்ததைப் பற்றியோ யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அது அந்த வீட்டின் மரியாதை.

இப்போது விஷயம் மேல்முறையீடு. போடுவதா, வேண்டாமா?

"போடக்கூடாது," என்றார் சேதுபதி. "வேண்டாம்னு சொன்னவன் வாசல்ல போய் நிக்கணுமா? மானம் இல்லே?"

"மானத்தைச் சம்பல் போட்டுச் சாப்பிடலாமா?" என்றாள் சிவகாமி.

மறுநாள் காலையில் சேதுபதி பெச்சாவைக் கூப்பிட்டார்.

"கப்பலுக்குங்களா ஐயா?" என்றான் அப்பு.

"பண்டார் ஹிலிருக்கு."

"பெட்டி?"

"பெட்டி இல்லே."

அப்புவின் முகம் வாடிவிட்டது. கொஞ்ச தூரம் மிதித்துவிட்டு, "ஐயா, குடியுரிமை விஷயமா ஒரு ஆபீசர் துவான் வந்தாரே, அன்னிக்கு நான்…" என்று ஆரம்பித்தான்.

"ரோட்டைப் பார்த்து மிதி அப்பு. பெரிய விஷயம், உனக்குப் புரியாது."

பண்டார் ஹிலிரில் மனு எழுதுகிறவர் ராஜரத்தினம். யாழ்ப்பாணத்துக்காரர். மூக்குக் கண்ணாடி வழியாகக் கடிதத்தைப் பார்த்தார், மேலாகச் சேதுபதியைப் பார்த்தார்.

"காரணம் சொல்லமாட்டினம் காணும். நாங்களாத்தான் ஊகிக்க வேணும். மலாய்ச் சோதனையில என்ன கதைச்சனீர்?"

சேதுபதி தயங்கினார். அவர் மலாய் கற்றது சிவகாமியிடம். சிவகாமி அவரிடம் பேசியதெல்லாம் சண்டை. வீட்டுக்கு வந்த விருந்தாளியை உட்காரச் சொல்வது எப்படி என்று அதிகாரி கேட்டபோது, சேதுபதி சரளமாக, "கால் உடைஞ்சா போச்சு, உட்காரேன்!" என்றிருந்தார்.

அதைக் கேட்டு ராஜரத்தினம் சிரிக்கவில்லை. "அதிகாரி என்ன செய்தவர்?"

"சிரிச்சாரு. நல்லாப் பேசுறேன்னு தட்டிக் குடுத்தாரு."

"அப்ப பாஷை இல்லை, வேற ஏதோ. ஊருக்குள்ள வந்து விசாரிச்சிருப்பினம். நீர் இஞ்சயே நிரந்தரமா இருக்கிற ஆளோ எண்டு கேட்டிருப்பினம். ஆரோ என்னமோ சொல்லிப்போட்டினம்."

"யாரு?"

"அது எனக்கெப்பிடித் தெரியும்? கவனமாக் கேளும். அப்பீல் போட்டுத் தோத்தால் கதவு பூட்டினமாதிரி. போடாமல் இருந்தால் கொஞ்ச வருஷம் கழிச்சுத் திரும்பக் கேட்கலாம்."

"அதுக்குள்ள வேலை போயிருமே!"

"அதை நீர்தான் யோசிக்க வேணும். யோசிக்கிறதை நான் எழுதிக் குடுக்கேலாது. போடுறதெண்டால் மதிப்பான ஒருத்தரின்ர சாட்சி வேணும்."

திரும்பும் வழியெல்லாம் 'யாரோ' என்ற சொல் சேதுபதியின் மண்டையைக் குடைந்தது. யாரோ சொல்லியிருக்கிறார்கள். யார்? தன்னை யாருக்குப் பிடிக்காது? பட்டியல் நீளமாகத்தான் வந்தது. ஆனால் அதில் முதல் ஆள் தபால் ஆபீஸ் குமாஸ்தாவான மச்சான் ராமச்சந்திரன். வீட்டை விட்டு மாப்பிள்ளையைக் கிளப்ப அவனுக்குத்தான் ஆசை இருக்கும்.

"ஐயா, நான் ஒண்ணு சொல்லட்டுங்களா?" என்றான் அப்பு பின்னாலிருந்து.

"சும்மா வா அப்பு. தலை வெடிக்குது."

அன்று சோற்றுத் தட்டு முன்னாலேயே கேட்டுவிட்டார்.

"தம்பி, விசாரணைக்கு வந்த ஆபீசர்கிட்ட என்னைப் பத்தி என்ன சொன்னே?"

ராமச்சந்திரன் கையை உதறினான். "எங்கூடப் பொறந்த அபாங் மாதிரின்னு சொன்னேன். இவரு எங்கேயும் போமாட்டாரு, இவருக்கு எங்களை விட்டா யாருன்னு சொன்னேன். நல்லவருன்னு கையெழுத்தும் போட்டேன்."

"அப்புறம் ஏன் வேண்டாம்னுட்டான்? நீ மனசார சொல்லலே. நான் போனா வீடு காலியாகும்னு நெனப்பு உனக்கு!"

ராமச்சந்திரன் எழுந்து கை கழுவினான். நிதானமான ஆள், அதனால்தான் அவன் சொன்னது அதிகம் சுட்டது.

"நல்லவருன்னு எழுதினது தப்புன்னு இப்பத்தான் தெரியுது. அப்பீலுக்கு என் பேரை இழுக்காதீங்க அபாங்."

மதிப்பான சாட்சி என்று இருந்த ஒரே ஆளும் போனான். சிவகாமி புருஷனோடு பேச்சை நிறுத்தினாள். காஜா பெராங்கில் அவள் திட்டாத ஒரு வாரம் சேதுபதிக்கு இதற்குமுன் கிடைத்ததில்லை. திட்டாத வீடு எவ்வளவு பெரியது என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. குழாய் வேலைக்குப் போன இடத்தில் தப்பான திருகாணியைத் திருகி, ஒரு சீனர் வீட்டுக் கூடத்தைக் குளமாக்கிவிட்டு வந்தார்.

மறுபடி ராஜரத்தினத்திடம் போனார். சாட்சி இல்லை என்றதும் அவர் பெருமூச்சு விட்டார்.

"அப்ப நீரே சத்தியமாச் சொல்ல வேண்டியதுதான். வேற வழியில்லை." டைப்ரைட்டர் தடதடத்தது. 'இந்த மண்ணை விட்டுப் போகும் எண்ணம் எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. போக எனக்கு வேறு இடமும் இல்லை.' அவர் படித்துக் காட்டினார். கடைசி வாக்கியம் சேதுபதி சொல்லி எழுதியது. ஆனால் வீட்டில் அதை அவர் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

மனு சட்டைப் பையில் பல நாள் கிடந்தது. போடுவதா, வேண்டாமா என்று சேதுபதி அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். மேல்முறையீட்டுக்குக் கடைசி நாளும் வந்தது.

"தம்பிகிட்ட ஒரு வார்த்தை தப்புன்னு சொல்லிட்டுப் போங்க," என்றாள் சிவகாமி. ஒரு வாரத்துக்குப் பிறகு அவள் பேசிய முதல் பேச்சு. "சாட்சிக்கு அவனும் கூட வருவான்."

எவ்வளவு நல்ல பேச்சு! ஒரு வார்த்தைதான். அந்த ஒரு வார்த்தை சேதுபதியின் வாயில் வரவில்லை. பழக்கப்பட்ட வார்த்தைதான் வந்தது.

"உன் தம்பி கால்ல விழுந்துதான் நான் இந்த நாட்டுல இருக்கணுமா? எனக்கு நாடே வேண்டாம். நான் கப்பலேறி ஊருக்கே போறேன்!"

கட்டிலுக்கு அடியில் குனிந்தார். வழக்கமாக இந்த இடத்தில் சிவகாமி, "சோத்துக்கு முன்னாடி வந்துருங்க" என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இன்று அவளே வந்து பெட்டியைத் திறந்தாள். அதில் அடுக்கி வைத்திருந்த தன் சாரோங், கெபாயா உடுப்புகள் எல்லாவற்றையும் எடுத்துக் கட்டிலில் போட்டாள். மிச்சம் ஒரு பழைய கம்பளியும் ஒரு சட்டையும்தான். பெட்டியை மூடி, ஒரு கையால் தூக்கி, வாசலில் வைத்தாள்.

"பிகிலா," என்றாள். போங்களேன் என்று அர்த்தம். அவள் குரலில் கோபம்கூட இல்லை.

பெச்சா நகர்ந்தது. "கப்பலுக்குத்தானே ஐயா?" என்று உற்சாகமாகக் கேட்டான் அப்பு.

எந்தக் கப்பல்? ஊரில் இருந்த அண்ணன் செத்து வெகுகாலம் ஆயிற்று. அண்ணன் பிள்ளைகள் நிலத்தை விற்றுவிட்டு எங்கேயோ போய்விட்டார்கள். அந்தச் செய்தியோடு ஊர்க் கடிதம் வந்த அன்றே சேதுபதி அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, வீட்டில் மூச்சு விடாமல் இருந்தார். போக இடம் இருக்கிறது என்று வீட்டார் நம்பினால்தானே மிரட்டல் செல்லும்? பஸ் ஸ்டாண்டு தெரிந்தபோது அவருக்கு அழுகை வந்துவிட்டது. தனக்கென்று இருக்கும் ஒரே ஊர் தன்னை இப்போதுதான் வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போயிருக்கிறது.

சட்டைப் பையில் மனு மொறுமொறுத்தது.

"அப்பு, திருப்பு."

"கோப்பி குடிக்கலீங்களா?"

"குடியுரிமை ஆபீசுக்கு விடு. மூடுறதுக்குள்ள போகணும். அங்கேர்ந்து தபால் ஆபீசு. மச்சான்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்."

அப்பு மிதித்த மிதியில் பெச்சா பறந்தது. பெட்டியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுச் சேதுபதி உள்ளே ஓடினார். மேசைக்குப் பின்னால் இருந்தவர், அன்றைக்குத் தட்டிக்கொடுத்த அதே மலாய் அதிகாரி. நல்ல மனிதர். மனுவை வாங்கி நிதானமாகப் படித்தார். ஓர் இடத்தில் நிறுத்தி, மறுபடியும் படித்தார்.

"ஒருநாளும் இருந்ததில்லையா?" என்று மலாயில் கேட்டார்.

"ஒருநாளும் இல்லை துவான்," என்றார் சேதுபதி. வாழ்க்கையில் முதல்முறையாக அவர் மலாயில் மெதுவாகப் பேசினார். "என் பெண்டாட்டி இங்கே இருக்கிறாள். என் சோறு இங்கே இருக்கிறது. நான் எங்கே போவேன்?"

அதிகாரியின் முகம் இளகியது. "எனக்குக் கிடைத்த தகவல் வேறு. ஆனாலும் காற்றுவாக்கில் கேட்ட பேச்சுதான். நேரில் பார்த்தால் அப்படித் தெரியவில்லை," என்று சொல்லிப் பேனாவைத் திறந்தார்.

அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. ஐயாவின் பெட்டி நனையக்கூடாதே என்ற அக்கறையில், அப்பு அதைத் தலையில் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடிவந்து மேசைக்கு முன்னால் டங்கென்று வைத்தான். நிமிர்ந்து அதிகாரியைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. பெரிய சலாம் ஒன்று வைத்துத் தன் மலாயில் சொன்னான்:

"துவான்! அன்னிக்கு உங்களை காஜா பெராங்குக்கு ஏத்திட்டு வந்தப்ப வழியில சொன்னேனே, மாசாமாசம் பெட்டியோட கப்பலுக்குக் கிளம்புற மாப்பிள்ளைன்னு, இவருதான்!"