போன வருஷத்து டம்ளர்

பினாங்குத் தீவில் மாணவர்கள் ஒரு நூலகரைப் பார்த்து "உஷ்" என்று வாயில் விரல் வைத்த ஒரே நூலகம் எங்கள் கல்லூரி நூலகமாகத்தான் இருக்கும். அந்த நூலகர் எடுத்துக்கோ அக்கா. அவர் ஜார்ஜ்டவுனில் நூலகத்தின் கீழ்த்தளத்தில் நின்று பேசினால் கடலுக்கு அந்தக் கரையில் இருக்கும் பட்டர்வொர்த்துக்குப் போகிற ஃபெரியில் திரும்பிப் பார்ப்பார்கள். நான் அவருக்குக் கீழே உதவி நூலகராக இருந்தவள். என் காதுக்குத் தனியாக அலவன்ஸ் கேட்கலாமா என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

மேசையில் அவருடைய உண்மைப் பெயர் பொறித்த பலகை ஒன்று இருந்தது. அதன் முன்னால் கியூஆர் கோடு அச்சடித்த அட்டைகளை அடுக்கி வைத்திருந்ததால் பெயரைப் படித்தவர் யாருமில்லை. உள்ளே யார் வந்தாலும் ஒரு அட்டையை நீட்டி "எடுத்துக்கோ" என்பார். புத்தகம் திருப்பித் தர வந்தவர், குளிர்சாதனம் பழுது பார்க்க வந்தவர், வழி தெரியாமல் நுழைந்துவிட்ட சுற்றுலாப் பயணி, எல்லோருக்கும் அதே மரியாதைதான். கைப்பேசியைக் காட்டினால் ஒரு முழுப் பாடநூல் திறக்கும். திருட்டு நகல் இல்லை. எழுதியவரே "யார் வேண்டுமானாலும் படிக்கலாம், நகலெடுக்கலாம், திருத்திக்கொள்ளலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம்" என்று முறையாக அனுமதி கொடுத்துவிட்ட புத்தகம். உலகத்தில் அப்படி ஏராளமாகக் கிடக்கின்றன, நம் பிள்ளைகளுக்குத்தான் தெரியவில்லை என்பது அக்காவின் தீராத கவலை.

அந்தக் கவலை வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. முதலாமாண்டு மாணவி ஒருத்தி, வாங்க வசதியில்லாமல், எங்களிடம் ஒரே பிரதியாக இருந்த பாடநூலை நூலகத்துக்குள்ளேயே வைத்துப் பக்கம் பக்கமாகக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். பாதிப் புத்தகத்தில் கைப்பேசியின் வயிறு நிரம்பிவிட்டது. அடுத்த வாரம் அந்தப் பாடத்தையே விட்டுவிட்டாள். அன்று மாலை முழுக்க அக்கா பேசவில்லை. மறுநாள் காலை ஒரு லேமினேட்டிங் மெஷின் வாங்கி வந்தார்.

அன்றிலிருந்து அவர் லேமினேட் செய்யாத பொருள் நூலகத்தில் கிடையாது. அலமாரிக் கதவு, படிக்கட்டுக் கைப்பிடி, கழிவறைக் கண்ணாடி என்று எல்லா இடத்திலும் பளபளவென்று அட்டை தொங்கியது. எங்கள் அறையில் எந்நேரமும் சூடான பிளாஸ்டிக் வாசனை. இனிமேல் மெஷினைத் தொடுவதற்கு முன் அனுமதி பெற வேண்டும் என்று நிர்வாகம் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. அக்கா அதையும் லேமினேட் செய்து மாட்டினார்.

கல்லூரி ஆண்டு விருந்துக்குப் பட்டுச் சேலையில் வந்தார். முதுகில் ஒரு பெரிய அட்டையை ஊசியால் குத்தியிருந்தார். "முன்னாடி பேசுறதுக்கு வாய் இருக்கு மா, பின்னாடி பேச இது" என்றார் என்னிடம். மாணவர்கள் கைப்பேசியை நீட்டிக்கொண்டு சாப்பாட்டு வரிசையில் அவர் பின்னாலேயே அலைந்தார்கள். அக்கா ஓரிடத்தில் நிற்கிற ஆளில்லை. ஸ்கேன் ஆகவில்லை, இன்னும் கொஞ்சம் நில்லுங்கள் என்று கெஞ்சிக்கொண்டே ஓடினார்கள். இதைப் பார்த்த காவலாளி, ஒரு பெண்மணியை முதுகுக்குப் பின்னால் படமெடுக்கிறார்கள் என்று இரண்டு பேரைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். அக்கா பாதிச் சாப்பாட்டில் ஓடிப் போய் மீட்டார். "அவங்க என்னைப் படம் பிடிக்கல அண்ணே. புள்ளியியல் படிக்கிறாங்க."

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் எங்கள் மாணவர்கள் கூடுகிற நாசி கண்டார் என்கிற கறிச்சோற்றுக் கடை ஒன்று உண்டு. அக்கா அந்தக் கடைக்காரரிடம் பேசி (கடைக்காரருக்குப் பேச வாய்ப்பே கிடைத்திருக்காது) மேசைக்கு மேசை அட்டை ஒட்டிவிட்டார். மூன்றாம் நாளே அவரிடமிருந்து அழைப்பு வந்தது. வருகிறவர்கள் எல்லோரும் அதை உணவுப் பட்டியல் என்று நினைத்து ஸ்கேன் செய்திருக்கிறார்கள்.

"என்னாக்கா இது, மீன் தலை கேக்க வர்றவனுக்கு பாக்டீரியா படம் வருது. ஒருத்தன் பாதிச் சோத்துல எந்திரிச்சுப் போயிட்டான் லா."

அக்கா கேட்ட ஒரே கேள்வி: "போறப்ப புஸ்தகத்த மூடிட்டுப் போனானா, படிச்சிக்கிட்டே போனானா பாய்?"

அக்காவுக்கு எல்லாப் பாடமும் தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள். ஒன்றுமே தெரியாது. தாதியர் துறை ஆசிரியை உடற்கூறு பற்றிக் கேட்டதற்குக் குதிரையின் உடற்கூறு நூலை அனுப்பி வைத்தார். அந்த அம்மாள் கோபமாக வந்து நின்றபோது, மனிதருக்கு வேண்டிய எலும்பெல்லாம் இதிலேயே இருக்குமே, மிச்சம் இரண்டு கால் இலவசம்தானே என்று சமாதானம் சொன்னார்.

இப்படி ஊரையே ஒரு வழி பண்ணியவரால் ஒரே ஓர் ஆளை அசைக்க முடியவில்லை. அவர் புள்ளியியல் துறைத் தலைவர். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் பதிப்பு சார். புள்ளியியல் எல்லாத் துறைக்கும் கட்டாயப் பாடம். அதற்கு அவரே எழுதிய புத்தகம்தான் பாடநூல். ஒவ்வோர் ஆண்டும் புதுப் பதிப்பு வரும். அட்டையின் நிறம் மாறும், மூன்றாம் கணக்கு ஐந்தாம் கணக்காக இடம் பெயர்ந்திருக்கும், அவ்வளவுதான். அண்ணன் படித்த புத்தகம் தம்பிக்கு உதவாது. வகுப்பில் பழைய பதிப்பை வைத்திருப்பவனுக்குத் சார் சொல்லும் கணக்கு தன் புத்தகத்தில் எங்கே என்று கண்டுபிடிப்பதற்குள் மணி அடித்துவிடும்.

பதிப்பு சார் கெட்டவர் இல்லை. வகுப்பு முடிந்த மாலைகளில் இரண்டு விரலால் தட்டித் தட்டி எழுதிய புத்தகம் அது. அவர் மனைவிதான் பிழை திருத்தியவர். அதை இணையத்தில் போட்டு எல்லோருக்கும் கொடுங்கள் என்று அக்கா கேட்டபோது அவர் முகம், பெற்ற பிள்ளையைத் தத்துக் கேட்டதுபோல ஆகிவிட்டது. சும்மா கிடைப்பதை எவனும் மதிக்க மாட்டான் என்று சொல்லிவிட்டார். அக்கா விடவில்லை. தினமும் ஒரு தே தாரேக் வாங்கிக்கொண்டு அவர் அறைக்குப் போவார். அவர் தேநீரை மட்டும் எடுத்துக்கொள்வார்.

அக்கா ஓய்வு பெற ஓராண்டுகூட இல்லை. மற்ற ஆசிரியர்கள், சார் சம்மதித்தால் நாங்களும் பார்க்கலாம் என்று நழுவிக்கொண்டிருந்தார்கள். "போறதுக்குள்ள ஒரே ஒரு வாத்தியார் மா, ஒரே ஒரு பாடம். அதப் பாத்துட்டேன்னா நிம்மதியாப் போயிடுவேன்" என்று என்னிடம் சொல்வார். அதைச் சொல்லும்போது மட்டும் அந்தக் குரல் இறங்கும்.

தைப்பூசம் வந்தது. முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலைக்குப் போகிற சாலையில் பதிப்பு சாரின் குடும்பம் வருஷாவருஷம் தண்ணீர்ப் பந்தல் போடும். அங்கே அவர் வேறு மனிதர். வேட்டியை மடித்துக் கட்டி, நெற்றி நிறையத் திருநீறோடு, போகிற வருகிற எல்லோரையும் கூப்பிட்டு மோர் ஊற்றுவார். சீனர், மலாய்க்காரர், கேமராவும் கையுமாக வந்த வெள்ளைக்காரர், யாரையும் யார் என்று கேட்க மாட்டார். ஆண்டுக்கு ஒரு நிறத்தில் டம்ளர் வாங்குவார். அந்த ஆண்டு மஞ்சள்.

அக்காவும் நானும் வரிசையில் நின்றோம். எங்களுக்குப் பின்னால் எங்கள் மாணவர்கள் பாதிப்பேர். சார் மஞ்சள் டம்ளரை எடுத்தார். அக்கா கைப்பையைத் திறந்து பச்சை டம்ளர் ஒன்றை வெளியே எடுத்தார்.

"சார், இது போன வருஷத்து டம்ளர். இது செல்லுமா, இல்ல இந்த வருஷத்துது புதுசா வாங்கணுமா?"

பின்னால் மாணவர்கள் வெடித்துச் சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. பச்சை டம்ளரில் விளிம்பு வரைக்கும் மோர் ஊற்றினார். அடுத்தவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதன் பிறகு அவர் நூலகம் பக்கமே வரவில்லை. அக்கா கொண்டு போன தே தாரேக் மேசையிலேயே ஆறிப்போனது. அக்காவின் பிரிவுபசாரத்துக்குக் கல்லூரியே வந்தது, அந்தக் காவலாளிகூட வந்தார். பதிப்பு சாருக்குப் பிடிக்குமே என்று அக்கா உருளைக்கிழங்கு வைத்துப் பொரித்த கறிபாப் இரண்டைத் தட்டில் எடுத்து வைத்து, டிஷ்யூ போட்டு மூடி, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் கலைந்து நாற்காலிகளை அடுக்கிய பிறகும் அந்தத் தட்டு அப்படியே இருந்தது.

"என் வாய்தான் மா கெடுத்துச்சு. நான் சும்மா இருந்திருந்தா அவரே வந்திருப்பாரு லா."

அந்த வாரமே ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

புதிதாக வந்த நூலகர் மிகவும் ஒழுங்கானவர், பூனைபோல நடப்பவர். லேமினேட்டிங் மெஷின் அலமாரி உச்சிக்குப் போனது. அக்கா இருந்தபோது தலைவலி மாத்திரை இல்லாமல் நான் வேலைக்குப் போனதில்லை. அவர் போன பிறகு மாத்திரை தேவைப்படவில்லை. ஆனால் யார் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாலும் என் காது அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தது. வந்தவர்கள் புத்தகத்தை வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போனார்கள். எனக்கு வேலையே பிடிக்காமல் போயிற்று.

இந்த ஆண்டு தைப்பூசத்துக்குத் தனியாகப் போனேன். சாரின் பந்தலில் நீல டம்ளர். மோர் அண்டாவுக்கும் வறுத்த மீகூன் சேமியாத் தட்டுக்கும் நடுவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. காகிதத்தில் கியூஆர் கோடு. குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண், பந்தலுக்குக் காணிக்கை போடத்தான் அது இருக்கிறது என்று நினைத்துக் கைப்பேசியைக் காட்டி முழித்துக்கொண்டிருந்தாள்.

"சார், பத்து வெள்ளி போடலாம்னு பாத்தா காசு போக மாட்டேங்குது. ஏதோ கணக்குப் புஸ்தகம் வருது."

சார் கரண்டியை நிறுத்தாமலே சொன்னார்: "காசு வேணாம் மா. புஸ்தகத்த எடுத்துக்கோ."

சொல்லி நிமிர்ந்தவர் என்னைப் பார்த்துவிட்டார். கரண்டி நின்றது. பிறகு என்னைப் பந்தலின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய் எல்லாம் சொன்னார். பழைய பதிப்போடு வந்து "சார், இது செல்லுமா" என்று எந்த மாணவன் கேட்டாலும் அவர் கண்ணுக்கு அந்தப் பச்சை டம்ளர்தான் தெரிந்ததாம். தன் மகளை உட்கார வைத்துப் புத்தகம் முழுவதையும் இணையத்தில் ஏற்றிவிட்டார். யாரும் எடுக்கலாம், யாரும் திருத்தலாம் என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறார். திங்கட்கிழமை நூலகத்துக்கு வந்து முறையாகக் கொடுப்பதாக இருந்தாராம். பிரிவுபசாரத்துக்கு ஏன் வரவில்லை என்று கேட்டேன்.

"கோவமெல்லாம் இல்ல மா. வர்றதுக்கு எனக்கு மூஞ்சி இல்ல."

உடனே அக்காவை வீடியோவில் கூப்பிட்டேன். உறுமிச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது என்று, கைப்பேசியை அந்தக் காகிதத்தின் பக்கம் திருப்பினேன், பிறகு புத்தகம் திறந்திருந்த அந்தப் பெண்ணின் கைப்பேசியைக் காட்டினேன், பிறகு சாரைக் காட்டினேன். அக்கா பேசவில்லை. எனக்குத் தெரிந்து எடுத்துக்கோ அக்கா பேசாமல் இருந்தது அது இரண்டாவது தடவை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் பந்தலே திரும்பிப் பார்க்கும்படி அந்தக் குரல் வந்தது.

"ஏன் மா லேமினேட் பண்ணல? மோர் பட்டா ஊறிப் போயிடும் லா."

சார் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்துக்கொண்டு கைப்பேசியின் பக்கம் குனிந்தார்.

"அக்கா, அடுத்த தைப்பூசத்துக்கு வாங்க. அந்தப் பச்சை டம்ளரையே கொண்டாங்க. செல்லும்."

திங்கட்கிழமை காலை முதல் வேலையாக மெஷினைக் கீழே இறக்கித் தூசி தட்டினேன். சாரின் அட்டைதான் முதலில் வெளியே வந்தது. சூடான பிளாஸ்டிக் வாசனை நூலகம் முழுக்கப் பரவியதும், பழக்கத்தில் காதைப் பொத்திக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை. ஒரு நூலகம் இவ்வளவு அமைதியாக இருக்கக் கூடாது. சீக்கிரம் ஒரு தடவை வந்து சத்தம் போட்டுவிட்டுப் போங்கள், அக்கா.