மிச்சம் விழுந்த மண்

1. வீட்டுக்கு அடியில் எனக்கென்று ஓர் அறை வெட்டினோம்.
2. வெட்டிய மண் கீழ்வீட்டுப் போஞ்சிப் பாத்தியில் போய் விழுந்தது.
3. அதை அள்ளி வந்து அறைக்குள்ளேயே கொட்டினோம்.
4. கொட்டிய பிறகும் மண் மிச்சம்.

இந்த நாலு வரியை எழுத எனக்கு ஆறு வருஷம் பிடித்தது. ஆத்திரம் இன்னும் போகவில்லை.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. தொழில்நுட்பக் கல்லூரியில் வரைபடம் படித்துச் சான்றிதழோடு, மலையகத்தில் எங்கள் ஊரான பூண்டுலோயாவுக்குத் திரும்பியிருந்தேன். (அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியதும் நான்தான்.) மூன்று மாதத்தில் மேற்பரீட்சை. வீட்டிலோ வரைபலகை வைக்க இடமில்லை. முன்னறையில் அப்பாவின் தையல் மெஷின் ஓய்ந்தால்தான் என் பலகை விரியும்.

வீடு சரிவில் நின்றது. பின்பக்கத் தரைக்குக் கீழே வெட்டினால் ஓர் அறை கிடைக்கும். செலவுப் பட்டியல் நானே போட்டேன்: கூலி, சீமெந்து, பலகை, கதவு, பூட்டு. பூட்டைக்கூட மறக்கவில்லை. மண்ணை எங்கே போடுவது என்ற வரிதான் இல்லை.

வெட்ட வந்த முத்தண்ணன் தேயிலை மலையில் மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டுவதில் கெட்டிக்காரர்.

“தங்கச்சி, மண்ண எங்கிட்டு போடுறது?”

நான் வாய் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். “மண்ணுதானே முத்து! கான் வெட்டுறப்ப போடுற மாதிரி பள்ளத்துப் பக்கமே எறி.”

சான்றிதழ் பெற்ற நான் தலையாட்டினேன்.

ஐந்தாம் நாள் அறை முடிந்தது. ஆறாம் நாள் மழை. குவியல் மொத்தமும் சரிந்து கீழ்வீட்டுச் சோமாவதி அக்காவின் பாத்தியைப் போஞ்சிக் கொடிகளோடு மூடிவிட்டது.

“மொகத மே?” என்று, ‘என்ன இது’ என்பதைச் சிங்களத்தில் கேட்டுக்கொண்டே ஏறி வந்தவர், அப்பாவுக்கு நன்றாக விளங்கட்டும் என்று தமிழுக்கு மாறினார். “நாளைக்கு இந்த மண் இங்க இருக்க ஏலாது!”

லொறி எங்கள் ஒற்றையடிப் பாதையில் ஏறாது. தேயிலைக்குள் கொட்டினால் தோட்டத்தில் சும்மா விடமாட்டார்கள்.

“அப்ப ஒரே எடந்தான் காலியா கெடக்கு,” என்றார் முத்தண்ணன், என் அறையைப் பார்த்துக்கொண்டே.

நானும் சுமந்தேன். கொழுந்துக் கூடையில், தலையில் கயிறு போட்டு. அறை முகடு வரை நிரம்பியது. வாசலில் இடுப்பு உயரத்துக்கு இன்னொரு குவியல் நின்றது.

“எல்லாம் இதுக்குள்ள இருந்து வந்த மண்ணுதானே? மிச்சம் எப்படி வந்துச்சு?” என்றார் அப்பா.

“வெட்டுன மண்ணு இளகிப் பெருகும்ப்பா. பத்துக் கூடை பதிமூணாயிரும்.”

“இது முன்னமே தெரியுமா?”

“பாடத்துலயே இருக்கு.”

“அந்தப் பாடத்துல பாஸாயிட்டியா?”

முத்தண்ணன் கூடையைப் போட்டுவிட்டுச் சிரித்தார். எனக்கு அந்தக் கூடையை யார் தலையிலாவது கவிழ்க்க வேண்டும் போல இருந்தது.

வெட்டவும் கூலி, நிரப்பவும் கூலி. பரீட்சைக்குக் கட்ட வைத்திருந்த பணமும் அதில் போனது. “மண்ணுதானே” என்ற வாயை இன்றுவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆட்டிய தலைக்குத்தான் கெட்ட பெயர். வீட்டுக்கு வருகிறவர்கள், “மகளுக்கு ரூம் கட்டுனீங்களாமே?” என்று கேட்டால் அப்பா தயாராக இருப்பார்.

“கட்டுனோமுங்க. மக சாமான் நெரப்பி வச்சிருக்கு, உள்ள போக முடியல.”

இன்றைய நிலவரம் இது. அறை மண்ணோடு இருக்கிறது. மிச்சக் குவியலில் அப்பா லீக்ஸ் நட்டிருக்கிறார். பூட்டு இன்னும் கடைத்தாளைவிட்டு வெளியே வரவில்லை. மேற்பரீட்சையை நான் எழுதவில்லை. மெஷின் ஓய்ந்த பிறகுதான் வரைகிறேன்.